மியாமி வரைக்கும்தான் நம்ம பார்சல்!

கும்பகோணத்தில் என் சித்தி மகள் வீட்டுக் கூடம். பாயில் ஒரு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு துண்டு துண்டாகக் கிடக்கிறது. பாதம் ஒரு மூலையில், எண்ணெய்த் தட்டு ஒரு மூலையில், தண்டு இரண்டாகக் கழன்று நடுவில். மரை போட்டுச் செய்வதால் கழற்றிப் பூட்டலாம். கடல் தாண்டி அனுப்ப முடிவதும் அதனால்தான். ஒவ்வொரு துண்டையும் பழைய பேப்பரில் சுற்றி, மேலே பபிள் ஷீட் சுற்றி, டேப் ஒட்டி ஓரமாக அடுக்குகிறாள். உச்சியில் உட்காரும் அன்னத்தை மட்டும் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. அதைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, கட்டின இடத்தில் சிவப்பு மார்க்கரால் ‘5/5’ என்று எழுதுகிறாள்.

“அதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை?”

“போன தடவை அது ஒண்ணுதான் போய்ச் சேரல, அண்ணே.”

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்த ஆர்டர். முந்நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல். பணம் வந்துவிட்டது. முகவரி அமெரிக்கா, ஃபுளோரிடா மாநிலம், மியாமியை ஒட்டிய டோரல். தெருப் பெயருக்கு அடுத்து, ஃபிளாட் எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு குறியீடு. வாங்குபவரின் தொலைபேசி +1 என்று தொடங்குகிறது. பார்த்தால் அமெரிக்க எண்தான். ஆனால் அடுத்த மூன்று இலக்கம் 868. அது டிரினிடாட். அமெரிக்கா, கனடாவோடு கரீபியன் தீவுகள் பலவும் இந்த +1-ஐத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

ஆக விளக்கு போகவேண்டிய இடம் டிரினிடாட். நாம் அனுப்பப்போவது மியாமி. நடுவில் ஒரு கிடங்கு. இணையத்தில் பொருள் விற்கும் நம்மூர்க்காரர்கள் இதை ‘ஃபார்வர்டிங் அட்ரஸ்’ என்கிறார்கள். பட்டு, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, பித்தளைச் சாமான் என்று எதை விற்பவரானாலும் ஒருநாள் இப்படி ஒரு முகவரி வந்து நிற்கும். ‘அனுப்பலாமா, வேண்டாமா’ என்ற கேள்வியும் கூடவே வரும்.

வீடில்லாத விலாசம்

கேள்விப்பட்டதும் ‘இது ஏதோ திருட்டு வேலை’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இப்படி வாங்குபவர்களில் பெரும்பாலோர் யோக்கியமானவர்கள்தான். கரீபியன் தீவுகளில் மியாமி முகவரி வைத்திருப்பது நம்மூரில் காஸ் புத்தகம் வைத்திருப்பது மாதிரி சாதாரண விஷயம். டிரினிடாடில் அதற்குப் பொதுப்பெயரே ‘ஸ்கைபாக்ஸ்’. அமெரிக்கக் கடைகள் பலவும் தீவுகளுக்கு நேரடியாக அனுப்புவதில்லை. அதனால் மியாமியில் ஒரு பெட்டி எண் வாங்கிவைத்து, எல்லாவற்றையும் அங்கே வரவழைத்து, விமானத்தில் ஏற்றிக்கொள்கிறார்கள். தவிர, அங்கே கிராமத்து விலாசங்களில் வீட்டு எண்ணுக்குப் பதில் மின்கம்ப எண் போடும் வழக்கம் உண்டு. இன்ன சாலை, இன்ன எண் விளக்குக் கம்பம் என்பதுதான் முகவரி. நம் தளத்தில் முகவரிக் கட்டம் அதை ஏற்குமா? ஏற்காது. மியாமியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும்.

குத்துவிளக்கு ஏன் டிரினிடாடுக்கு என்று வியக்கவும் வேண்டாம். 1845-இல் தொடங்கி 1917 வரை கல்கத்தாவிலிருந்தும் மதராஸிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் வாழும் நாடு அது. தீபாவளி அங்கே அரசு விடுமுறை.

அமெரிக்காவில் டோரல் ஒன்றுதான் என்றில்லை. டெலாவேர், ஒரேகான் முகவரிகளும் அடிக்கடி வரும். அதற்குக் காரணம் வேறு. டெலாவேர், ஒரேகான், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், அலாஸ்கா ஆகிய ஐந்து மாநிலங்களிலும் மாநில விற்பனை வரி கிடையாது. இணையச் சந்தைகள் பொருள் போய்ச் சேரும் முகவரியைப் பார்த்துத்தான் அந்த வரியைப் பிடிக்கின்றன. முகவரி டெலாவேர் என்றால் வரி பூஜ்யம். கிடங்கு நடத்துபவர்கள் அங்கே போய்க் கடை விரித்ததில் ஆச்சரியமில்லை.

இந்த முகவரிகளை அடையாளம் காண்பதும் பெரிய வித்தையல்ல. பெயருக்குப் பக்கத்திலோ தெருவுக்குப் பின்னாலோ பொருந்தாத எண் ஒன்று இருக்கும். வரைபடத்தில் முகவரியைப் போட்டுத் தெருக்காட்சியைத் திறந்தால் லாரி வந்து நிற்கும் ஷட்டர்கள் தெரியும். அமெரிக்க அஞ்சல் துறையின் அஞ்சல் எண் தேடும் பக்கத்தில் முகவரியை இட்டால், அது பிறருக்காகத் தபால் வாங்கும் வணிக நிலையமா என்பதைச் சில சமயம் அதுவே சொல்லிவிடும். அந்த நாட்டில் அப்படி ஒரு நிலையம் மற்றவர் பெயரில் தபால் வாங்க வேண்டுமானால், வாடிக்கையாளர் 1583 என்ற படிவத்தை நிரப்பி இரண்டு அடையாளச் சான்றுகள் காட்ட வேண்டும். அதாவது அந்தப் பெட்டி எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் அடையாளம் பதிவாகி இருக்கிறது.

இதையெல்லாம் யோசித்தால், வீட்டு முகவரி பாதுகாப்பு, கிடங்கு முகவரி ஆபத்து என்ற நம் கணக்கே சில சமயம் தலைகீழ். திருட்டு கார்டில் பொருள் வாங்கும் கும்பல்கள் நிஜ வீடுகளையும் பயன்படுத்துகின்றன. ‘வீட்டிலிருந்தே வேலை, பார்சலை வாங்கிப் பெயர் மாற்றி அனுப்பினால் சம்பளம்’ என்று விளம்பரம் போட்டு, விவரம் தெரியாத குடும்பத்தினரின் வாசலுக்குப் பார்சலை வரவழைத்து, அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கடத்துவார்கள். அமெரிக்க அஞ்சல் ஆய்வுத் துறை இந்த மோசடியைப் பற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. வேலை பார்த்தவருக்குச் சம்பளம் வராது, போலீஸ் வரும். வரைபடத்தில் தோட்டமும் ஊஞ்சலுமாக அழகான வீடு தெரிகிறதே என்று நாம் நிம்மதியாக இருந்திருப்போம்.

அன்னம் போன கதை

இப்போது அந்த அன்னம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. இதே மாதிரி விளக்கு, டெலாவேர் முகவரி. அப்போது இவளுக்குத் தொழில் புதுசு. பெரிய அட்டைப்பெட்டி, சுற்றிலும் தெர்மகோல். அன்னத்தைத் தனியாகச் சுற்றி, தெர்மகோலில் ஒரு குழி வெட்டி அதற்குள் பதித்து வைத்திருக்கிறாள். உடையவே கூடாது என்ற கவனம்.

பார்சல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ட்ராக்கிங்கில் டெலிவரி ஆனதாக வந்தது. அவளும் மறந்துவிட்டாள். ஏழு வாரம் கழித்துப் புகார்: ‘விளக்கின் தலைப்பகுதி இல்லை.’ கூடவே ஒரு போட்டோ. அதில் இருந்த பெட்டி இவள் அனுப்பிய பெட்டியே அல்ல. அதில் பாதி அளவு.

என்ன நடந்திருக்கும்? கிடங்குகள் அடுத்த பயணத்துக்குக் கட்டணம் வாங்கும்போது எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, 5000 போன்ற ஓர் எண்ணால் வகுத்து, அதில் வருவதையும் கிலோவாகக் கணக்கு வைத்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்கும். நாம் அன்போடு வைத்த தெர்மகோல் வாங்குபவருக்குத் தண்டச் செலவு. அதனால் ‘பிரித்து, சின்னதாகக் கட்டுங்கள்’ என்று அவர் சொல்லிவிடுவார். அதற்கென்றே சேவை உண்டு. கிடங்கில் வேலை செய்பவர் பெட்டியைப் பிரித்து, கண்ணில் பட்ட பித்தளையை எல்லாம் எடுத்து, தெர்மகோலைக் குப்பையில் போட்டிருப்பார். அன்னமும் கூடவே போயிருக்கும்.

யார் மேல் தப்பு? வாங்கியவர் பொய் சொல்லவில்லை. இவள் ஏமாற்றவில்லை. கிடங்குக்காரர் சொன்ன வேலையைச் செய்தார். விற்பனை நடந்த தளமோ ‘அன்னத்தைப் பெட்டியில் வைத்ததற்கு ஆதாரம் காட்டு’ என்றது. அவளிடம் ஒரு போட்டோ கூட இல்லை. முழுப் பணமும் திரும்பிப் போனது. விளக்கு திரும்பி வரவில்லை. “தலையில்லாத விளக்க வச்சு அங்க என்ன பண்றாங்களோ” என்பது அவள் அங்கலாய்ப்பு.

தளங்களின் விதிகளை நிதானமாகப் படித்தால், இப்படிப்பட்ட வழக்கில் விற்பவர் சொல்ல நிறையவே இருக்கிறது. ஈபேயின் பணம் திரும்பும் உறுதி, முதலில் டெலிவரி ஆன முகவரியிலிருந்து வாங்குபவர் வேறு முகவரிக்கு அனுப்பிக்கொண்ட பொருளுக்குப் பொருந்தாது. பேபாலின் விற்பவர் பாதுகாப்பிலும் முக்கியம், பணப் பரிவர்த்தனை விவரப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கே அனுப்பினோமா என்பதுதான். அந்த முகவரி கிடங்காக இருந்தாலும் சரி, டெலிவரிச் சான்று இருந்தால் ‘பொருள் வரவில்லை’ என்ற புகாருக்கு நம்மிடம் பதில் உண்டு. 750 டாலரோ அதற்கு மேலோ என்றால் கையெழுத்து வாங்கிய சான்றும் வேண்டும். ஆனால் இரண்டு ஓட்டைகள். பணம் கட்டிய பிறகு வாங்குபவர் ‘முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், ப்ளீஸ்’ என்று கேட்டு நாம் மாற்றி அனுப்பினால், அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது. ‘வந்தது, ஆனால் உடைந்திருக்கிறது, குறைகிறது, சொன்னபடி இல்லை’ என்ற புகாரும் அதற்குள் அடங்காது. அங்கே நம் போட்டோவும் பேச்சும்தான் நம்மைக் காக்க வேண்டும். பேபாலில் புகார் கொடுக்கப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள் அவகாசம் வேறு.

கிடங்கை நடுவில் வைத்தும் ஒழுங்காக வியாபாரம் நடத்த முடியும் என்பதற்கு ஈபேயே ஒரு சாட்சி. 2012-இல் அமெரிக்க விற்பனையாளர்களுக்காக அது தொடங்கிய உலக ஷிப்பிங் திட்டத்தில், விற்பவர் கென்டக்கி மாநிலத்துக் கிடங்குவரை அனுப்பினால் போதுமாக இருந்தது. அதற்கு மேல் உடைந்தால், தொலைந்தால் அவர் பொறுப்பாக இருக்கவில்லை. வாங்குபவர் தானே பிடித்துக்கொள்ளும் மியாமி கிடங்கில் அப்படி யாரும் எழுதித் தருவதில்லை. எல்லை எது என்று விற்பவர்தான் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

பேரம் பேசாதவர்கள்

யோக்கியமானவர்கள் போக மீதிப் பேர் இருக்கிறார்களே, அவர்களையும் பார்த்துவிடுவோம். என் சித்தி மகளின் அளவுகோல் எளிமையானது: “பேரம் பேசாம ஆறு விளக்கு கேட்டா எனக்கு வயித்தைக் கலக்கும்.” நியாயம்தான். சொந்தக் காசில் வாங்குபவர் உயரம் கேட்பார், எடை கேட்பார், ஷிப்பிங் ஏன் இவ்வளவு என்பார். அடுத்தவர் கார்டில் வாங்குபவருக்கு அவசரம் ஒன்றுதான். எந்த விலையானாலும் சரி, விரைவு கூரியரில் நாளைக்கே போகட்டும் என்பார். கார்டில் ஒரு நாடு, பேசும் எண்ணில் ஒரு நாடு, பார்சலுக்கு ஒரு நாடு. மூன்றையும் இணைக்க ஒரு நம்பும்படியான கதை இல்லையென்றால் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிடுவது மேல். பணம் வந்த வழியிலேயே திருப்ப வேண்டும். ‘வேறு கணக்குக்குப் போடுங்கள்’ என்றால் அதுவே பதில்.

கார்டுக்கு உரியவர் ‘நான் வாங்கவே இல்லை’ என்று வங்கியில் முறையிட்டால் பணத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வதற்குப் பெயர் சார்ஜ்பேக். விசா கார்டில் பொதுவாக அதற்கு 120 நாள் அவகாசம். சொந்தமாக இணையதளம் வைத்து விற்பவர்கள், கார்டு கொடுத்த வங்கியே ஓ.டி.பி. போன்ற சோதனையை நடத்திய பிறகுதான் பணம் ஏறும்படி வைத்துக்கொள்வது நல்லது. அந்தச் சோதனை தாண்டி வந்த பணத்தில் ‘நான் வாங்கவில்லை’ என்ற புகார் எழுந்தால் சுமை பெரும்பாலும் அந்த வங்கியின் தலையில் விழும். ‘பொருள் வரவில்லை’ என்ற புகாருக்கு இந்தக் கவசம் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு ரகம் பழைய நாடகம். “எங்கள் ஷிப்பிங் ஏஜென்ட் வந்து எடுத்துக்கொள்வார். அவருக்கான கூலியையும் சேர்த்து உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன், நீங்கள் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.” பணம் வந்ததாக மின்னஞ்சல் வரும். அது போலி, அல்லது திருட்டுப் பணம். ஏஜென்டுக்கு நாம் கொடுப்பது மட்டும் நிஜப் பணம். வாங்குபவர் ஏற்பாடு செய்யும் கூரியரில் அனுப்பினால் பேபாலின் பாதுகாப்பும் கிடையாது. இதற்கு மேல் இந்த ரகத்துக்குத் தாள் செலவழிக்க வேண்டாம்.

இங்கேயும் ஒரு கிடங்கு

வெளிநாட்டுத் தமிழர்களும் இதே வேலையைத் திருப்பிப் போட்டுச் செய்கிறார்கள். டொரன்டோவில் கல்யாணம் என்றால் காஞ்சிபுரத்துக் கடையிலிருந்து புடவை, வேறொரு கடையிலிருந்து வேட்டி, இன்னொன்றிலிருந்து வத்தல் வடகம் என்று வாங்கி, எல்லாவற்றையும் சென்னைக் கிடங்கு ஒன்றுக்கு வரவழைத்து ஒரே பெட்டியாக அனுப்பச் சொல்வது இப்போது சகஜம். கடைக்காரருக்கு இது சுலபம். உள்ளூர் கூரியர் போதும், ஏற்றுமதிச் சிக்கல் கிடையாது.

ஆனால் ‘வெளிநாட்டு வாடிக்கையாளர்தானே, ஏற்றுமதி என்று ஜி.எஸ்.டி. இல்லாமல் பில் போடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொருள் நம் கையிலிருந்து போய்ச் சேரும் இடம் சென்னை. அது உள்நாட்டு விற்பனை, வரி உண்டு. மூன்று மாதம் கழித்து ‘பார்டர் நிறம் போட்டோவில் பார்த்த மாதிரி இல்லை’ என்று டொரன்டோவிலிருந்து போன் வரும். திருப்பி எடுக்கும் கெடு சென்னையில் டெலிவரி ஆன நாளிலிருந்தா, கனடாவில் பெட்டி திறந்த நாளிலிருந்தா? அதைக் கடையின் விதிகளில் ஒரு வரி எழுதி வைத்தவர் பிழைத்தார்.

மியாமி விளக்குக்குத் திரும்புவோம். அதில் 2025-இல் புதிதாக ஒரு சங்கடம் சேர்ந்தது. 800 டாலர் வரை இறக்குமதித் தீர்வை இல்லை என்று அமெரிக்கா வைத்திருந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு எல்லா நாடுகளுக்கும் முடிந்தது. அதற்கு நான்கு நாள் முன்பே நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்திவைத்தது. அக்டோபர் 15-இல் மறுபடி தொடங்கியபோது, தீர்வையை இங்கே பதிவு செய்யும்போதே வசூலிக்கும் ஏற்பாடு வந்தது. டிரினிடாட் போகவேண்டிய விளக்கு மியாமியில் இறங்குவதற்காக அமெரிக்கத் தீர்வையைக் கட்டுகிறது. பிறகு தன் நாட்டுச் சுங்கத்திலும் ஒருமுறை நிற்கிறது. கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் செருப்புக் காசு கொடுத்த மாதிரி.

இந்த நிலையில்தான் ‘விலையைக் குறைச்சுப் போடுங்க, கிஃப்ட்னு எழுதுங்க’ என்ற கெஞ்சல்கள் அதிகமாகின்றன. எழுதக் கூடாது. ஏற்றுமதி செய்பவர் எண்ணான ஐ.இ.சி. நம் பெயரில் இருக்கிறது. பான் எண்தான் அந்த எண், விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். அஞ்சல் வழி ஏற்றுமதிப் பட்டியலிலும் மதிப்பு நம் கையெழுத்தோடு போகிறது. வங்கிக்கு வந்தது முந்நூறு டாலர், பட்டியலில் இருப்பது நாற்பது என்றால் கேள்வி வாங்குபவரிடம் வராது. வழியில் தொலைந்தால் நஷ்ட ஈடும் நாற்பதைத் தாண்டாது.

அதனால் என் சித்தி மகள் இப்போது பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறாள். தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேட்கிறாள். வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ வாங்கிவைத்து, வழக்கு என்று வந்தபோது தளம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்ட அனுபவம் அவளுக்கு உண்டு. கேள்வி இதுதான்: “உங்கள் ஊருக்கே நேரடியாக அனுப்பட்டுமா? அமெரிக்கத் தீர்வை மிச்சமாகுமே.” பொய்யான ஆள் என்றால் இந்த இடத்தில் நழுவிவிடுவான், அல்லது கோபப்படுவான். டிரினிடாட் அம்மா நாலு வரி எழுதியிருந்தார். நேரடித் தபால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, தபால்காரருக்குத் தன் மின்கம்பம் தெரியாது, தீபாவளிக்குள் வேண்டும், ஸ்கைபாக்ஸ்காரர்கள் வந்ததும் போன் செய்வார்கள், வரி போனால் போகட்டும்.

அதற்கு இவள் அனுப்பிய பதிலை என்னிடம் காட்டினாள். விளக்கு ஐந்து துண்டு. மியாமி முகவரியில் ஒப்படைப்பதோடு என் பொறுப்பு முடிகிறது. அங்கே பெட்டியைப் பிரித்துக் கட்டச் சொல்ல வேண்டாம், சொன்னால் ஐந்து துண்டையும் எண்ணச் சொல்லுங்கள். கட்டும் வீடியோவை அனுப்புகிறேன், பார்த்துச் சரி என்று எழுதுங்கள், பிறகு அனுப்புகிறேன். அந்த அம்மா ‘சரி’ என்று மட்டும் எழுதவில்லை. ‘ஐந்து’ என்று எழுத்தால் எழுதி அனுப்பியிருந்தார்.

பெட்டியும் இப்போது சிறிசு. யாருக்கும் பிரித்துச் சுருக்கத் தோன்றாத அளவுக்குச் சிறிசு. தெர்மகோல் இல்லை. துண்டுகளுக்கு நடுவில் கந்தல் துணி திணித்து, ஆட்டிப் பார்த்து, சத்தம் வருகிறதா என்று காது வைத்துக் கேட்கிறாள். அவள் மகன் போனைப் பிடித்து வீடியோ எடுக்கிறான். “அஞ்சையும் தனித்தனியா காட்டுடா, முகத்தை எடுக்காத.”

மறுநாள் தபால் நிலையத்தில் தராசில் வைத்தபோது எடையையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். கவுன்ட்டரில் இருந்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, தெருப் பேருக்குப் பின்னால இவ்வளவு நம்பர்?” என்றார்.

“அது பொட்டி நம்பர் சார். தப்பா அடிச்சிடாதீங்க, அது இல்லன்னா அங்க யாரோடதுன்னே தெரியாது.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகப் படித்து அடித்தார். ரசீது வந்தது.

மூன்றாவது வாரம் ட்ராக்கிங்கில் ஒரு வரி: கடைசி டெலிவரிக்காக முகவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீது, வீடியோ, அந்த ‘ஐந்து’ எல்லாவற்றோடும் ஒரே ஃபோல்டரில் போட்டாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை எடுத்து, பணம் வந்த நாளிலிருந்து 180 எண்ணத் தொடங்கினாள். தாள் டிசம்பரோடு தீர்ந்துபோனது. “புதுக் காலண்டர் வந்ததும் மீதியை எண்ணிக்கிறேன்” என்று அதை மறுபடி ஆணியில் மாட்டினாள்.